பழுதைக் காட்டும் பதிவேடு

வத்தலக்குண்டிலிருந்து மலையேறினால் கோடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தை அடைகிறோம். 1904 முதல் அங்கே சூரியனைப் படமெடுத்து, நாளும் நேரமும் குறித்து வந்துள்ளனர். அக்குறிப்புகள் இருப்பதாலன்றோ, நூறாண்டுப் படங்களை வரிசைப்படுத்திச் சூரியப் புள்ளிகள் பெருகுவதையும் குறைவதையும் ஒப்பிட முடிகிறது!

கணினிச் செயலிக்கும் இம்முறை பொருந்தும். தேர்வுக் கட்டணம் கட்டிய மாணவிக்கு ரசீது வரவில்லை எனக் கொள்வோம். "பிழை நேர்ந்தது" என்ற ஒற்றை வரியால் அவளுக்கு என்ன பயன்? நேரம், நிகழ்வு, கோரிக்கை எண், பிழையின் காரணம் ஆகியவற்றைச் செயலி தனித்தனிக் கட்டங்களில் பதிந்திருந்தால், அவ்வெண்ணைக் கொண்டு ஆயிரமாயிரம் வரிகளிலிருந்து அவளுடையவற்றை மட்டும் பிரித்து, பணம் எங்கே நின்றது என்று கண்டுவிடலாம். கடவுச்சொல்லை மட்டும் ஒருபோதும் பதியலாகாது.

பழுது நேர்ந்தபின் பழைய பதிவேட்டை உண்டாக்க முடியாது. ஆதலால் முதல் நாளிலேயே முறையாகப் பதிவோம்.