ஆங்கிலச் சிறுதொடர்களை இலத்தீனிற் பெயர்த்தல்

இரண்டு மூன்று சொற்களாலான ஆங்கிலத் தொடரை இலத்தீனிற் பெயர்த்தல் எளிதென மாணாக்கர் கருதுவர். அகராதியைத் திறந்து சொல்லுக்குச் சொல் எடுத்து வைத்தாற் போதுமென்பது அவர் எண்ணம். உண்மையில் நெடிய வாக்கியத்தினும் குறுந்தொடரே நம்மை மிகுதியுஞ் சோதிப்பது. ஆங்கிலம் சொல்லாது விட்டதை இலத்தீன் சொல்லியே தீரவேண்டும்.

கொழும்பு றோயல் கல்லூரியின் மகுட வாசகம் 'டிஸ்கே அவுட் டிஸ்கேடே' என்பது. 'கற்க, அன்றேல் அகல்க' என்பது அதன் பொருள். ஆங்கில வடிவத்தை மட்டுங் கண்ட ஒருவர் அதனை மீள இலத்தீனாக்கப் புகுந்தால், ஏவல் ஒருவனை நோக்கியதா பலரை நோக்கியதா என்னும் ஐயம் முதலில் எழும். ஒருவனாயின் 'டிஸ்கே', பலராயின் 'டிஸ்கிதே'. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் வினை ஒன்றே. 'கல்', 'கல்லுங்கள்' எனப் பிரித்தறியும் தமிழ் மாணவனுக்கு இது புதிதன்று. இனி, 'அல்லது' என்பதற்கு இலத்தீனில் இரு சொற்கள் உள. 'வெல்' என்பது விரும்பியதைக் கொள்ள இடந்தரும். 'அவுட்' பெரும்பாலும் ஒன்றைக் கொண்டால் மற்றதை விலக்கும். இவ்விடத்தில் 'வெல்' பெய்தால் எச்சரிக்கை போய் உபசாரம் வந்துவிடும். சோம்பிய மாணவனுக்கு அது மிக உவப்பாகும்!

கல்கிசைப் புனித தோமஸ் கல்லூரியின் 'எஸ்தோ பெர்பெத்துவா' இன்னொரு பாடம். 'என்றும் நிலைத்திருப்பாயாக' என்னும் வாழ்த்து அது. 'பெர்பெத்துவா' பெண்பாற் சொல். கல்லூரியைக் குறிக்கும் 'கொல்லேகியும்' ஆணுமன்றிப் பெண்ணுமன்றி நிற்கும் மூன்றாம் பாலது. அதனை விளித்தால் 'பெர்பெத்துவும்' என்றே வரல் வேண்டும். பள்ளியைக் குறிக்கும் 'ஸ்கோலா' பெண்பால். இவ்வாழ்த்து, 1623இல் இறந்த பாவுலோ சார்ப்பி என்னும் துறவி தம் வெனிசு நகரை நினைந்து கூறியதென்பர். நகரும் குடியரசும் இலத்தீனிற் பெண்பாலே. ஆகவே பெயர்ப்போர் எப்பெயரை மனத்திற் கொண்டாரென்பதே பாலை முடிவுசெய்யும்.

வேற்றுமையிலும் தமிழ் நமக்குக் கைகொடுக்கும். 'வாளால் வெட்டினான்', 'நண்பனோடு வந்தான்' என்னும் இரண்டிடத்தும் ஆங்கிலம் ஒரே இடைச்சொல்லை வழங்கும். இலத்தீனோ கருவியாயின் 'கிளாடியோ' எனப் பெயரைத் தனியே நிறுத்தும்; துணையாயின் 'கும் அமிக்கோ' என்று 'கும்' சேர்க்கும். ஆங்கிலத் தொடரை முதலில் தமிழாக்கி, 'ஆல்' வருகின்றதா 'ஓடு' வருகின்றதா என்று பார்த்தபின் இலத்தீனுக்குச் செல்லுமாறு மாணாக்கருக்குக் கூறுகின்றோம்.

'புகழுடன்' என்பதற்குக் 'கும் லௌடே' என்பர். 'பெரும்புகழுடன்' என்னும் பட்டக் குறிப்பை 'கும் மாக்னா லௌடே' என்று எழுதுதல் இலக்கணப் பிழையன்று. எனினும் அடையை முன்னிறுத்தி, 'மாக்னா கும் லௌடே' என இடையிற் 'கும்' வைப்பதே பெருவழக்கு.