தள்ளிப்போடுதலும் ‘புட் ஆஃப்’பும்

அன்பு மருமகளுக்கு மாமாவின் ஆசிகள்.

ஆங்கிலத்தில் எளிய வினைச்சொல் ஒன்றும் அதன் பின்னே நிற்கும் சிறுசொல் ஒன்றும் இணைந்து, இரண்டிலும் தனித்தனியே காணப்படாத பொருளொன்றைத் தரும்போது அந்தக் கூட்டை இலக்கண நூலார் ‘ஃபிரேசல் வெர்ப்’ என்பர். ‘புட்’ என்பது வைத்தலையும் ‘ஆஃப்’ என்பது விலகலையும் குறிக்க, ‘புட் ஆஃப்’ என்பது ஒத்திவைத்தலைக் குறிப்பது இதற்கு எடுத்துக்காட்டு. இம்மடல் இவ்வகை வினையைத் தொடர்வினை என்றும், பின்னே நிற்கும் ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ போன்றவற்றை இடைச்சொல் என்றும் வழங்கும். தனித்து இயங்காமல் பெயரையும் வினையையும் சார்ந்து நின்று பொருளை மாற்றும் சொற்களுக்கென்று தொல்காப்பியம் இடையியல் என ஓர் இயலையே வகுத்திருப்பதால், இந்தப் பெயர் தமிழ் மாணவருக்குப் புதியதன்று.

மருமகள் மனப்பாடம் செய்யத் தொடங்கியிருக்கும் அகரவரிசைப் பட்டியல், ஐந்நூறு தொடர்வினைகளையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளையும் தந்து அத்துடன் நின்றுவிடுகிறது. இவ்வகைப் பட்டியல்களின் குறை அவற்றின் நீளமன்று; சொல்லை அது வாழும் வாக்கியத்திலிருந்து பிடுங்கி வைத்திருப்பதே குறை. ‘கோ ஆஃப்’ என்பதற்கு நேரே ‘ஒலித்தல்’ என்று படித்தவர், கடிகார மணி ‘வென்ட் ஆஃப்’ என்னும் இடத்தில் தப்பித்துக்கொள்வார். விளக்கு ‘வென்ட் ஆஃப்’ என்றால் அணைந்தது என்றும், வெடிகுண்டு ‘வென்ட் ஆஃப்’ என்றால் வெடித்தது என்றும், பால் ‘வென்ட் ஆஃப்’ என்றால் கெட்டுப்போனது என்றும் பொருள்பட வரும்போது திகைத்து நிற்பார். எழுவாய் எது என்று பாராமல் இந்த நான்கையும் பிரித்தறிய வழியில்லை.

இத்தகைய கூட்டு ஆங்கிலத்துக்கு மட்டுமே உரிய விந்தை என்று பலர் அஞ்சுவதுண்டு. அந்த அச்சத்துக்குப் பெரும்பாலும் காரணம் தாய்மொழியை உற்றுநோக்காமையே. ‘தள்ளு’ என்பதும் ‘போடு’ என்பதும் தனித்தனியே கைகளால் செய்யும் செயல்கள். ‘தள்ளிப்போடு’ என்றாலோ கைக்கு வேலையில்லை, நாள் மட்டுமே நகர்கிறது. காணுதலும் பிடித்தலும் சேர்ந்து ‘கண்டுபிடி’ ஆகின்றன. பார்த்தலும் கொள்ளுதலும் சேர்ந்து, குழந்தையைப் ‘பார்த்துக்கொள்’ என்னும்போது பேணுதலாகின்றன. ‘விட்டுக்கொடு’ என்னும் ஒரு சொல்லையே தமிழ் கற்கும் அயலார் ஒருவருக்கு விளக்க முயன்றால் அவர் படும் பாடு தெரியும்: பேருந்தில் இடத்தை விட்டுக்கொடுப்பது தானம், சண்டையில் விட்டுக்கொடுப்பது இணக்கம், அண்ணனைப் பிறரிடம் விட்டுக்கொடுக்காமல் பேசுவது பற்று. ஆசிரியரிடம் தோழனைப் ‘போட்டுக்கொடுப்பது’ எந்தப் பொருளையும் போடுவதுமன்று, கொடுப்பதுமன்று. இவற்றைத் தமிழ்க் குழந்தை எந்தப் பட்டியலிலிருந்தும் கற்பதில்லை. கேட்ட வாக்கியத்தோடு, கேட்ட சூழலோடு சேர்த்தே கற்கிறது.

ஒப்புமை இத்துடன் முடிவதில்லை. தமிழில் ‘விடு’, ‘தீர்’, ‘போ’ போன்ற வினைகள் துணைவினையாக, அதாவது முதன்மை வினைக்குப் பின் நின்று அதன் போக்கை மட்டும் உணர்த்தும் வினையாக வரும்போது தம் சொந்தப் பொருளைப் பெரிதும் இழந்து, செயல் முற்றுப்பெற்றதைக் காட்டும் குறிகளாகிவிடுகின்றன. ‘தின்றான்’ என்பதற்கும் ‘தின்று தீர்த்தான்’ என்பதற்கும் உள்ள தொலைவே ‘ஈட்’ என்பதற்கும் ‘ஈட் அப்’ என்பதற்கும் இடையிலுள்ள தொலைவு. தமிழ் இந்த வேலையைப் பின்னே வரும் வினையிடம் ஒப்படைக்க, ஆங்கிலம் பின்னே வரும் இடைச்சொல்லிடம் ஒப்படைக்கிறது. கூட்டின் நடுவே வேறு சொல் புகுவதும் தமிழுக்கு அயலானதன்று. ‘தள்ளித்தான் போட்டார்கள்’ என்னும்போது ‘தான்’ நடுவில் நுழைந்தும் பொருள் கெடுவதில்லை. ஆகவே ஆங்கிலத் தொடர்வினைக்கு அகராதிப் பொருள் தேடுவதற்கு முன், அதே சூழலில் தமிழர் எந்தக் கூட்டுவினையைச் சொல்வார் என்று கேட்டுப் பார்ப்பது பெரும்பாலும் பயன்தரும். எல்லா இடத்திலும் விடை கிடைக்காது; கிடைக்கும் இடத்தில் அது மறக்காது.

ஆங்கிலம் இந்நிலைக்கு வந்த வரலாறு சுருக்கமாகவேனும் அறியத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் இத்தகைய சிறுசொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன் ஒட்டுகளாக நின்றன. ‘அண்டர்ஸ்டாண்ட்’, ‘வித்ஸ்டாண்ட்’ ஆகியவை அக்காலத்து எச்சங்கள். பின்னர் அவை வினைக்குப் பின்னே வருவது பெருகியது. வடகடல் தாண்டி வந்து குடியேறிய நார்ஸ் மக்களின் மொழித்தொடர்பு இம்மாற்றத்துக்குத் துணைசெய்ததென்பது அறிஞர் பலர் கருத்து. பழைய முறையும் புதிய முறையும் ஒரே சொல்லிணையில் எதிரெதிரே நிற்பதையும் காணலாம்: ‘ஓவர்டேக்’ என்பது தமிழ்நாட்டுச் சாலைகளில் அனைவரும் அறிந்த முந்துதல், ‘டேக் ஓவர்’ என்பதோ ஒரு நிறுவனத்தின் பொறுப்பைக் கைக்கொள்ளுதல், ‘ஓவர்லுக்’ என்பது கவனியாது விடுதல், ‘லுக் ஓவர்’ என்பது மேலோட்டமாகவேனும் பார்வையிடுதல். 1066ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு, இலத்தீன் வழிச் சொற்கள் நீதிமன்றத்திலும் கல்வியிலும் இடம்பிடிக்க, உள்ளூர்த் தொடர்வினைகள் வீட்டிலும் தெருவிலும் தங்கின. ‘போஸ்ட்போன்’ அருகே ‘புட் ஆஃப்’, ‘டாலரேட்’ அருகே ‘புட் அப் வித்’, ‘இன்வெஸ்டிகேட்’ அருகே ‘லுக் இன்டு’ என இரட்டை வழக்குகள் இன்றும் வாழ்வது இந்தப் பிரிவினையின் தடமே. சாமுவேல் ஜான்சன் 1755ஆம் ஆண்டு வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே இவ்வகை வினைகள் அயலாருக்குப் பெருந்தொல்லை தருவன என்பதை உணர்ந்து, அவற்றைத் திரட்டுவதில் தனிக்கவனம் செலுத்தியதைக் குறிப்பிட்டார். ‘ஃபிரேசல் வெர்ப்’ என்ற பெயரோ 1925ஆம் ஆண்டு லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலின் வழியாகவே பரவியது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலம் பாடநூலின் வழியே வருவதால், இலத்தீன் வழிச் சொல் முதலில் அறிமுகமாகி, வீட்டுச்சொல் கடைசியில் வருகிறது. ‘எக்ஸ்டிங்விஷ்’ தெரிந்தவருக்கு ‘புட் அவுட்’ தெரியாமலிருக்கலாம். இது தமிழர்க்கு மட்டும் நேர்வதன்று. தொடர்வினை இல்லாத எபிரேய மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்கள், தொடர்வினையும் தனிச்சொல்லும் இரண்டும் பொருந்தும் இடத்தில் தனிச்சொல்லையே நாடியதை டாகுட், லாஃபர் ஆகியோரின் 1985ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இதைவிடச் சுவையானது நெதர்லாந்து மாணவரைப் பற்றிய 1989ஆம் ஆண்டு ஆய்வு: டச்சு மொழியில் இதே அமைப்பு இருந்தும், தம் மொழியை மிகவும் ஒத்திருந்த சில தொடர்வினைகளை அவர்கள் ஐயத்தோடு ஒதுக்கினார்கள். ஒப்புமை கண்டு மயங்குவோரும் உண்டு, ஒப்புமை கண்டு அஞ்சுவோரும் உண்டு.

இனி, கற்கும் முறை. வினைச்சொல்லை விட்டு இடைச்சொல்லின் பெயரால் ஏடு பிரிப்பது நல்லது. ‘அப்’ என்பதற்கு மேல்நோக்கிய அசைவு அடிப்படைப் பொருள். மேலே குவிந்தது மிகுந்தது என்பதால் ‘கோ அப்’ விலையேற்றமாகிறது. கொள்கலன் விளிம்புவரை நிறைந்தால் வேலை முடிந்தது என்பதால் ‘யூஸ் அப்’ முழுதும் செலவழித்தலாகிறது. மேல் என்பது மிகுதி என்னும் இவ்வகை உருவகங்களை லேகாஃப், ஜான்சன் இருவரும் 1980ஆம் ஆண்டு நூலொன்றில் விரிவாக ஆராய்ந்தனர். ‘ஆஃப்’ என்பதன் அடிப்படை விலகல்; முன்னே பார்த்த மணியும் விளக்கும் குண்டும் பாலும் தத்தம் இயல்பு நிலையிலிருந்து விலகின என்று கொண்டால் நான்கு பொருளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையாகத் தோன்றும். ஆனால் இந்த விளக்கம் நினைவுக்குத் துணையே தவிர விதியன்று. படிவத்தை ‘ஃபில் இன்’ செய்வதும் ‘ஃபில் அவுட்’ செய்வதும் ஒன்றே என்பதற்கும், ‘ஸ்லோ டவுன்’, ‘ஸ்லோ அப்’ இரண்டும் வேகம் தணிதலே என்பதற்கும் காரணம் தேடி இரவு கழிப்பதில் பயனில்லை; வழக்கு அப்படி என்று ஏற்று நகர்வதே அறிவுடைமை.

சொல்லொழுங்கில் ஒரு விதியை மட்டும் தவறாமல் பழக வேண்டும். ‘புட் ஆஃப் த மீட்டிங்’, ‘புட் த மீட்டிங் ஆஃப்’ இரண்டும் சரியே. ஆனால் செயப்படுபொருள், அதாவது செயல் யாரை அல்லது எதைச் சாருகிறதோ அது, ‘இட்’ போன்ற பிரதிப்பெயராக வந்தால் ‘புட் இட் ஆஃப்’ என்று நடுவில்தான் வரும், ‘புட் ஆஃப் இட்’ என்பது பிழை. இதற்கு மாறாக ‘லுக் ஆஃப்டர்’ போன்றவற்றில் சிறுசொல் பெயரோடு ஒட்டிய முன்னிடைச்சொல்லாதலால் ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்பதே சரி. மலைமேல் ஓடுவதைக் குறிக்கும் ‘ரன் அப் எ ஹில்’ என்பதில் ‘ஹில்’லை நடுவே நகர்த்த முடியாது, கடனை ஏற்றுவதைக் குறிக்கும் ‘ரன் அப் எ பில்’ என்பதில் ‘பில்’லை நகர்த்தலாம். ஹார்ன்பி 1942ஆம் ஆண்டு ஜப்பானில் தொடங்கிவைத்த மாணவர் அகராதியின் வழிவந்த ஆக்ஸ்ஃபோர்டு பதிப்புகள், இடம் மாறக்கூடிய செயப்படுபொருளை இருமுனை அம்புக்குறியால் காட்டுகின்றன; அந்தச் சிறு குறியைப் பார்க்கும் பழக்கம் இலக்கணப் பாடம் பலவற்றுக்கு ஈடாகும்.

ஒலியும் கவனத்துக்குரியது. ‘பிரேக் டவுன்’ என்று வினையாக வரும்போது அழுத்தம் ‘டவுன்’ மீதும், ‘பிரேக்டவுன்’ என்று பெயராக வரும்போது ‘பிரேக்’ மீதும் விழும். தமிழர் நாவில் ஏற்கெனவே புழங்கும் மேக்கப், கட்-அவுட், செக்கப், படப்பிடிப்புத் தளத்தில் நாளின் முடிவில் ஒலிக்கும் பேக்கப் ஆகிய அனைத்தும் தொடர்வினைகளிலிருந்து வந்தவையே. ‘லைட்டை ஆஃப் பண்ணு’ என்னும் தமிழ்ப் பேச்சில் வினை உதிர்ந்து இடைச்சொல் மட்டும் தங்கிவிட்டது. அதை அப்படியே ஆங்கிலத்துக்குத் திருப்புவதால்தான் ‘ஆஃப் த லைட்’ என்னும் பிழை பிறக்கிறது. உதிர்ந்த ‘டர்ன்’ அல்லது ‘சுவிட்ச்’ என்பதை மீட்டு வைத்தால் போதும்.

எத்தனை கற்க வேண்டும் என்ற கேள்விக்கு ஆறுதலான விடை உண்டு. பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தை ஆராய்ந்த கார்ட்னர், டேவீஸ் இருவரும், இருபது வினைகள் எட்டு இடைச்சொற்களோடு கூடி உருவாக்கும் தொடர்வினைகளே அங்குள்ள மொத்த வழக்கில் பாதிக்கு மேல் வருவதை 2007ஆம் ஆண்டு காட்டினர். 2015ஆம் ஆண்டு கார்னியே, ஷ்மிட் ஆகியோர் மிகுதியாக வழங்கும் நூற்றைம்பதைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் எல்லாப் பொருள்களையும் தராமல், அடிக்கடி வரும் சிலவற்றை மட்டும் தந்தனர். பட்டியல் வேண்டுமானால் அத்தகையதே தேவை.

நாளொன்றுக்கு மூன்றுக்கு மேல் எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொன்றையும் முழு வாக்கியமாக, தன் வீட்டிலோ வகுப்பிலோ உண்மையில் நடந்ததைப் பற்றி எழுதி, பிறகு அதையே பிரதிப்பெயர் வைத்து மாற்றி எழுதி, உரக்கச் சொல்லிப் பார்ப்பது முதற்படி. நாளிதழ்ச் செய்தி ஒன்றிலுள்ள இலத்தீன் வழி வினைகளைத் தொடர்வினைகளாக மாற்றித் தோழிக்குச் சொல்வதுபோல் பேசுவதும், நேர்காணல் ஒன்றில் கேட்டதை அறிக்கைபோல் திருப்பி எழுதுவதும் அடுத்த பயிற்சி. எங்கே எது பொருந்தும் என்ற உணர்வு இதனால்தான் வரும். ஆய்வுக் கட்டுரையில் ‘கேரி அவுட்’ தடையின்றி நுழையும். ‘மெஸ் அப்’ நுழையாது, தமிழ்க் கட்டுரையில் ‘போட்டுக்கொடு’ நுழையாததுபோல.

பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப மருமகள் எழுதிய விண்ணப்ப வரைவில் திருத்த வேண்டியவை மூன்று. ‘கோப் அப் வித்’ என்று இரண்டு இடங்களில் வந்துள்ளது. ‘கோப் வித்’ என்பதே பொதுவழக்காதலால் ‘அப்’ நீக்கப்பட வேண்டும். இறுதி வரியில் ‘லுக் ஃபார்வர்ட் டு ஹியர்’ என்றிருப்பது ‘டு ஹியரிங்’ என்று மாற வேண்டும். அங்குள்ள ‘டு’ முன்னிடைச்சொல்லாதலால் அதன்பின் ‘இங்’ வடிவமே வரும். முதல் பத்தியில் கல்லூரியிலிருந்து ‘பாஸ்ட் அவுட்’ ஆனதாக எழுதியிருப்பது இந்தியாவில் பட்டம் பெற்றதாகப் புரிந்துகொள்ளப்படும்; விண்ணப்பம் சென்று சேரும் ஊரில் படிப்பவர், மாணவி மயங்கி விழுந்ததாக எண்ணக்கூடும்.

ஆசிகளுடன்,
மாமா