பிள்ளையின் சீலைப் புண்ணும் கிறீம் மருந்தும்

மழைக்காலம் வந்தால் கைப்பிள்ளைக்காரிகளுக்கு ஒரே தொல்லைதான். லயத்தில் சீலை காயாது. அரை ஈரத்தோடு எடுத்துக் கட்டுகிறோம். பேம்பர்ஸ் போட்டாலோ காசை நினைத்து ஒன்றையே அரைநாள் விட்டுவிடுகிறோம். பிள்ளையின் தொடையிடுக்கு சிவந்து, தோல் உரிந்து, மூத்திரம் பட்டாலே அலறுகிறது. அப்போது பக்கத்துக் காம்பராவிலிருந்து யாராவது ஒரு டியூபைக் கொண்டுவந்து, "இதைப் பூசு, ஒரே நாளில ஆறிடும்" என்பார்கள். அந்த "ஒரே நாள்" மருந்தில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

வெள்ளையாய்க் கெட்டியாக இருக்கும் சிங்க் ஒக்சைட் பூச்சில் பெரிய பயமில்லை. தோலுக்கு மேலே மறைப்பாக நின்று ஈரத்தைத் தடுக்கும். சில பிள்ளைகளுக்கு மட்டும் அதில் கலந்த வாசனை ஒத்துக்கொள்ளாமல் சிவப்பும் அரிப்பும் கூடும். நிறுத்தினால் அடங்கிவிடும்.

பயப்பட வேண்டியது ஸ்டெரொயிட் கிறீமுக்கு. தகப்பனின் கரப்பானுக்கு டொக்டர் கொடுத்த பெட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்றவை இந்த வகைதான். இவை சிவப்பைச் சட்டென்று அமுக்கும். ஆறிவிட்டது என்று நாமும் நம்பிவிடுவோம். பிள்ளையின் தோலோ மெல்லியது. அதற்கு மேல் பேம்பர்ஸால் மூடினால் மருந்து இன்னும் கூடுதலாக உள்ளே இறங்கும். வாரக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து நரம்பு தெரியும். இரத்தத்தில் கலந்தால் முகம் உப்பும், வளர்த்தி குன்றும். முகம் உப்புவதைப் பார்த்து, பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறதே என்று நாம் சந்தோஷப்படுவதும் உண்டு! புண் பூஞ்சணத்தால் வந்திருந்தால், இந்தக் கிறீம் அதை உள்ளுக்குள் வளரவே விடும்.

பாட்டிமார் போடும் போரிக் பவுடரும் வேண்டாம். உரிந்த தோல் வழியாக அது இரத்தத்தில் சேர்ந்து நஞ்சாகும். அப்படிப் பிள்ளைகள் இறந்தும் இருக்கிறார்கள். கற்பூரம் கலந்த தைலம் பூசினால் வலிப்பு வரலாம். முகப் பவுடரின் தூசி பிள்ளையின் நெஞ்சுக்குள் போகும்.

வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கொஞ்ச நேரம் காற்றுப்பட விடுங்கள். சீலையில் சவர்க்காரம் நிற்காமல் அலசுங்கள். மலைக்குப் போகும்போது பிள்ளைக்காம்பராவில் மாற்றுச் சீலை போதுமான அளவு கொடுத்து, என்ன பூசுகிறீர்கள் என்பதையும் ஆயாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால், மடிப்புக்குள் சிவந்து சுற்றிலும் சின்னச் சின்னப் பொட்டுகள் கிளம்பினால், டிஸ்பென்சரியிலோ மருத்துவிச்சியிடமோ காட்டுங்கள். கொப்புளம், சீழ், காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். மருந்து பூசியபின் முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். பூசிய டியூபைக் கையோடு எடுத்துப் போங்கள். ஏசுவார்கள் என்று மறைக்காமல், எத்தனை நாள் பூசினீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.