லோடு வண்டி ரேடியோவில் கரகரப்பா? ஆன்டெனா மாற்றுமுன் பார்க்க வேண்டியவை

ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி இரவோடு இரவாக ஓட்டுகிறவருக்கு ரேடியோதான் பேச்சுத் துணை. போனில் ஆயிரம் பாட்டு இருக்கலாம். ஆனால் அதைத் தடவிக்கொண்டே ஓட்ட முடியாது. ரேடியோவுக்கு அந்தத் தொல்லை இல்லை, கரகரக்காமல் பாடினால். கரகரப்பு என்று கடைக்குப் போனால் பெரும்பாலும் கையில் கொடுப்பது ‘பூஸ்டர்’ வைத்த புது ஆன்டெனா. பொலிரோ பிக்கப், தோஸ்த், குட்டி யானை எதுவானாலும், கோளாறு பல நேரம் கம்பியில் இருக்காது. எர்த்திலோ வயரிலோதான் இருக்கும். கீழே உள்ளதை வரிசையாகப் பார்த்துவிட்டு அப்புறம் காசை எடுங்கள்.

1. முதலில் செட்டின் செட்டிங்கைப் பாருங்கள். புதிதாக மாட்டிய ஆண்ட்ராய்டு செட்டில் ரேடியோ ‘ரீஜன்’ அமெரிக்கா என்று இருந்தால், அது 98.1, 98.3, 98.5 என்று ஒற்றைப்படையில் மட்டும் தாவும். மிர்ச்சி 98.3, கொடைக்கானல் பண்பலை 100.5 இரண்டும் தெளிவாகக் கேட்கும். சென்னை ரெயின்போ 101.4, ஹலோ 106.4 மட்டும் தொண்டை கட்டியது போல இழுக்கும். சில ஸ்டேஷன் நன்றாகவும் சில மோசமாகவும் இருந்தால் இதுதான் முதல் சந்தேகம். ரீஜனை ஐரோப்பா அல்லது ஆசியா என்று மாற்றினால் தீர்ந்தது. எல்.ஓ.சி. என்று ஒரு பட்டனோ மெனுவோ இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். அது தூரத்து ஸ்டேஷன்களை வேண்டுமென்றே ஒதுக்கிவிடும்.

2. செட் நல்லதா, ஆன்டெனா கெட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு துண்டு வயர் போதும். வண்டியை ஓரமாக நிறுத்தி, செட்டின் பின்னால் இருக்கும் ஆன்டெனா பின்னைக் கழற்றுங்கள். கழற்றியும் கரகரப்பில் மாற்றமே இல்லை என்றால், அதுவரை ஆன்டெனா பெயருக்குத்தான் இருந்திருக்கிறது. இப்போது முக்கால் மீட்டர் வயரின் நுனியைச் சீவி, அந்தத் துளையின் நடுவில் மட்டும் படும்படி செருகி, மறுமுனையை ஜன்னல் வழியே தொங்கவிடுங்கள். ஸ்டேஷன்கள் பளிச்சென்று வந்தால் செட்டில் குறை இல்லை. ஆன்டெனாவையோ அதன் வயரையோதான் பார்க்க வேண்டும். வயரைச் செருகியும் ஊமையாக இருந்தால் புது ஆன்டெனா வாங்கிப் பயனில்லை.

3. கம்பியைக் கையால் திருகிப் பாருங்கள். கரடுமுரடு சாலையில் ஓடும் வண்டியில் அது தானாகவே தளர்ந்துகொண்டுதான் இருக்கும். கழற்றி, மரையில் இருக்கும் பச்சைக் களிம்பையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி முடுக்குங்கள். தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் ஓடும் வண்டிகளில் உப்புக் காற்றே இந்தக் களிம்பைச் சீக்கிரம் ஏற்றிவிடும்.

4. மல்டிமீட்டர் இருந்தால் மூன்று சோதனை. ஆன்டெனா பின்னைச் செட்டிலிருந்து கழற்றிவிட்டுச் செய்யுங்கள். பின்னின் நடு ஊசிக்கும் வெளியே நிற்கும் கம்பிக்கும் ‘பீப்’ வர வேண்டும். பின்னின் வெளி வளையத்துக்கும் வண்டியின் பாடிக்கும் ‘பீப்’ வர வேண்டும். நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் வரவே கூடாது. வந்தால் வயருக்குள் ஷார்ட், பெரும்பாலும் தண்ணீர் இறங்கியிருக்கும். முதல் சோதனையில் ‘பீப்’ இல்லையென்றால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. அடித்தளத்துக்குள் பூஸ்டர் இருக்கும் ஆன்டெனாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

5. இரண்டாவது சோதனையில் ‘பீப்’ வரவில்லையா? எர்த் இல்லை. இந்தக் குறிப்புகளில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். ஆன்டெனா என்பது நிற்கும் கம்பி மட்டும் இல்லை. அது பாதி, அதன் காலடியில் விரிந்திருக்கும் கேபின் தகடு மறுபாதி. அடித்தளம் தகட்டை உலோகத்தோடு உலோகமாகத் தொடாவிட்டால், எவ்வளவு நீளக் கம்பி வைத்தாலும் அரை ஆன்டெனாதான். வெளியே பெயின்ட் கெடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து மாட்டுகிறவர்கள் தகட்டின் அடிப்பக்கத்தையும் சீவாமல் விட்டுவிடுவார்கள். அடிப்பக்கத்தில் வாஷர் உட்காரும் அளவுக்கு மட்டும் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளைத் தகடு தெரியவிடுங்கள். பல் வைத்த ஸ்டார் வாஷர் போட்டு நட்டை முடுக்குங்கள். பிறகு ஓரங்களில் வாசலின் தடவினால் துரு பிடிக்காது. கூரை ஃபைபர் என்றால், அடித்தளத்திலிருந்து ஒரு பின்னல் செம்புப் பட்டையை எடுத்துப் பக்கத்தில் உள்ள இரும்பு போல்ட்டில் கட்ட வேண்டும். எர்த்தான் குற்றவாளியா என்று சந்தேகமா? அடித்தளத்தின் உலோகத்திலிருந்து கேபினின் சுத்தமான ஒரு போல்ட்டுக்கு வயரை வைத்து அழுத்திப் பிடியுங்கள். இரைச்சல் அடங்கினால் விடை கிடைத்துவிட்டது. புது ஆன்டெனாவுக்கு வைத்திருந்த பணம் டீசலுக்கு ஆகும்.

6. இனி மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், நீளம் பார்த்து வாங்குங்கள். நம் நாட்டு எஃப்.எம். ஒலிபரப்பு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. 300ஐ அந்த எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். அதில் கால்பங்கு நீளமுள்ள கம்பிதான் நன்றாகப் பிடிக்கும். நடுவில் இருக்கும் 98ஐ எடுத்துக்கொண்டால் அலைநீளம் 3 மீட்டருக்குச் சற்று மேல், கால்பங்கு சுமார் 76 சென்டிமீட்டர், அதாவது 30 அங்குலம். பழைய கார்களில் நீளமாக நின்ற கம்பிகளின் ரகசியம் இதுதான். அழகுக்காகக் குட்டைக் கம்பி வேண்டுமென்றால், உள்ளே கம்பியைச் சுருளாகச் சுற்றிய ரப்பர் ஆன்டெனாவாகப் பாருங்கள். நகருக்குள் மட்டும் ஓடும் குட்டி யானைக்கு அது போதும். சேலம், தர்மபுரி என்று மாவட்டம் தாண்டும் வண்டிக்கு என் ஓட்டு நீளக் கம்பிக்கே.

7. சுறாத் துடுப்பு வடிவத்தில் கூரையில் ஒட்டுகிறார்களே, அதில் இரண்டு வகை. வயரோடு வருவது ஆன்டெனா. இரட்டைப் பக்க டேப் மட்டும் வைத்து வருவது அலங்காரம். பெட்டியைத் திறந்து வயரைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

8. கம்பி மட்டும் உடைந்திருந்தால் முழு ஆன்டெனாவும் வாங்க வேண்டாம், கம்பியை மட்டும் மாற்றலாம். மரை பெரும்பாலும் 5 அல்லது 6 மில்லிமீட்டர். பழைய கம்பியின் அடித்துண்டைக் கடைக்குக் கையோடு எடுத்துப் போங்கள். மரை சேராததைப் பலமாக முடுக்கினால் அடித்தளத்து மரையும் போய்விடும்.

9. முழுவதும் மாற்றுவதானால், பழைய வயரை உருவும் முன் அதன் பின்னில் ஒரு நீளச் சணலைக் கட்டுங்கள். வெளியிலிருந்து இழுக்க இழுக்க, சணல் அதே வழியாக உள்ளிருந்து வெளியே வந்து நிற்கும். புது வயரின் பின்னை அதில் கட்டி உள்பக்கமிருந்து இழுத்தால், டேஷ்போர்டைக் கழற்றும் வேலையில் பாதி மிச்சம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

10. லோடு வண்டிக்கு என்று ஒரு தனிப் பிரச்சினை உண்டு: கேபினை விட உயரமாகப் பின்னால் நிற்கும் கன்டெய்னர் பாடி, தார்ப்பாய்க் கூண்டு, தலைக்கு மேல் இரும்புக் கேரியர். இவற்றை ஒட்டி நிற்கும் ஆன்டெனாவுக்கு ஒரு பக்கத்துச் சிக்னல் மறைந்துபோகும். ஒரே ஊரில் வண்டியைத் திருப்பினால் ஸ்டேஷன் போய் வருகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். கூரையின் முன்விளிம்பு அல்லது பானட் ஓரம் நல்லது. கேரியரில் கட்டும் கயிறு கம்பியில் உரசாத இடமாகவும் பாருங்கள்.

11. புதிதாகத் துளை போடும் முன், தகட்டுக்கு அடியில் விளக்கு வயரோ குறுக்குச் சட்டமோ போகிறதா என்று உள்லைனிங்கைத் தளர்த்திப் பாருங்கள். துளை இடும் இடத்தில் டேப் ஒட்டினால் டிரில் வழுக்காது. பிசிறைத் தேய்த்து, துளையின் வெட்டு விளிம்பில் ரெட் ஆக்சைடு தொட்டு வையுங்கள். சுரண்டிய எர்த் இடத்தில் மட்டும் படக் கூடாது. மேலே ரப்பர் கேஸ்கெட். இரண்டு மழைக்கு ஒழுகாவிட்டால் வேலை சுத்தம்.

12. வயர் கேபினுக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் புஷ் கட்டாயம். இல்லாவிட்டால் தகடே கத்தியாகி வயரை அறுக்கும். நுழையும் முன் வயரைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், செட்டுக்குள் போகாது. ஆல்டர்னேட்டர் வயர், வைப்பர் மோட்டார் பக்கமாக இழுக்காதீர்கள். நீளம் மிஞ்சினால் வெட்டவும் வேண்டாம், குறைந்தால் முறுக்கி ஒட்டவும் வேண்டாம். இரு முனையும் பொருத்தி வரும் ரெடிமேட் எக்ஸ்டென்ஷன் வயர் கடையில் கிடைக்கும்.

13. பூஸ்டர் விஷயம். அது இல்லாத சிக்னலை உண்டாக்காது. வந்ததைப் பெரிதாக்கும், கூடவே வந்த இரைச்சலையும் சேர்த்து. கால் உடைந்த ஆன்டெனாவுக்குப் பூஸ்டர் வைப்பதால் கரகரப்புதான் சத்தமாகும். நகரத்தில் ஒலிபரப்புக் கோபுரத்துக்குப் பக்கத்தில் போகும்போது நிலைமை இன்னும் மோசம்: பலமான ஸ்டேஷன் ஒன்று மற்றதன் மேல் ஏறி வழியும். நல்ல கம்பி, நல்ல எர்த், ஒழுங்கான வயர் மூன்றும் இருந்தும் தூரத்தில் இழுக்கவில்லை என்றால் மட்டும் பூஸ்டரை யோசியுங்கள். அதன் சப்ளையைச் செட்டிலிருந்து வரும் நீல வயரில் கொடுக்க வேண்டும். செட் ஓடும்போது மட்டும் அதில் 12 வோல்ட் வரும். பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தால், வண்டி நிற்கும் நாளெல்லாம் அது கரண்ட் உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று: கம்பெனி செட்டைக் கழற்றி வெளிச் செட் மாட்டிய அன்றிலிருந்து ரேடியோ மங்கிவிட்டது என்றால், அந்த வண்டியின் ஆன்டெனா அடியிலேயே ஒரு பூஸ்டர் இருந்து, அதற்குச் சப்ளை நின்றுபோயிருக்கலாம். சில வண்டிகளில் அந்தச் சப்ளை ஆன்டெனா வயர் வழியாகவே போகும். அதற்கென்று நீல வயரோடு வரும் அடாப்டரைப் போட்டால் சரியாகிவிடும்.

14. பிக்கப்பில் 12 வோல்ட். அதே பூஸ்டரைப் பெரிய லாரியின் 24 வோல்ட்டில் மாட்டினால் புகைதான்.

15. ஆன்டெனாவைக் குறை சொல்லும் முன் சிகரெட் லைட்டர் துளையில் செருகிய மலிவு யு.எஸ்.பி. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். எல்.இ.டி. ஹெட்லைட், டேஷ்கேம், தலைக்கு மேல் ஓடும் வண்ண விளக்கு, ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்தால் கரகரப்பு நிற்கிறதோ அதுதான் திருடன். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ‘ஊய்ங்’ என்று ஏறும் சத்தம் வேறு கதை. ஆன்டெனா பின்னைக் கழற்றிவிட்டுப் பென்டிரைவில் பாட்டுப் போட்டாலும் அந்த ஊளை கேட்டால், அது ஆல்டர்னேட்டரிலிருந்து செட்டின் சப்ளை வயர் வழியாகவோ கெட்ட எர்த் வழியாகவோ வருகிறது. ஆன்டெனா கடைக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது, எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

16. வானொலி நிலையத்தின் மத்திய அலைவரிசை கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்: சென்னை 720, திருச்சி 936, கோவை 999 கிலோஹெர்ட்ஸ். இந்த அலைகள் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளம் என்பதால் எந்தக் கம்பியும் அதற்குக் குட்டைதான். ஒவ்வொரு அங்குலமும் கணக்கு. ஆன்டெனா வயருக்குப் பதில் டி.வி. கேபிளைப் போட்டு ஒப்பேற்றினால் எஃப்.எம். ஓடும், மத்திய அலை படுத்துவிடும். நம் ஊரில் ஸ்டேஷன்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன. அமெரிக்க ரீஜனில் செட் பத்துப் பத்தாகத் தாவும், அதனால் 720 கிடைத்து 936 கிடைக்காமல் போகும். பழைய டேப் செட்டில் ஆன்டெனா பின் அருகே ஒரு சிறு திருகு இருக்கும். புது ஆன்டெனா போட்டதும் 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மெலிதாகக் கேட்கும் ஒரு ஸ்டேஷனை வைத்து, சத்தம் அதிகமாகும் இடத்தில் அந்தத் திருகை நிறுத்துங்கள்.

17. எஃப்.எம். அலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் போகும். கொடைக்கானல் மலைமேலிருந்து வரும் 100.5 சமவெளியில் வெகுதூரம் இறங்குவதும், மலைப்பாதையின் ஒரு வளைவில் சட்டென்று காணாமல் போவதும் இதனால்தான். மலை மறைத்த இடத்தில் எந்த ஆன்டெனாவும் உதவாது. எல்லையோரமாக ‘உஸ்’ என்று இரைந்து பாடினால் செட்டில் மோனோவுக்கு மாற்றுங்கள், இரைச்சல் கணிசமாக அடங்கும். கேபினில் ஸ்டீரியோ அழகை எஞ்சின் சத்தம் எப்படியும் விழுங்கிவிடுகிறது. இடிமழையில் மத்திய அலை படபடப்பதும், உயர் அழுத்த மின்கம்பிக்கு அடியில் ரீங்கரிப்பதும் ஆன்டெனாவின் குற்றம் இல்லை.

18. தூரிகை சுழலும் வாட்டர் வாஷ் என்றால் கம்பியைக் கழற்றிவிட்டு உள்ளே விடுங்கள். தார்ப்பாய்க் கயிற்றை அவசரத்துக்குக்கூட ஆன்டெனாவில் சுற்றாதீர்கள். மாமரத் தோப்பு, வாழைத் தோட்டம் என்று கிளை உரசும் இடங்களில் லோடு ஏற்றுகிறவர்கள், அடியில் ஸ்பிரிங் வைத்த கம்பியாக வாங்கினால் அடி பட்டதும் மடங்கி நிமிரும். வளையாத பழைய கம்பி இருந்தால் சீட்டுக்குப் பின்னால் ஜாக்கியோடு போட்டு வையுங்கள். நடுவழியில் ஒடிந்தால் மாட்டிக்கொள்ளலாம்.