சுவிட்சுக்கும் மூச்சு விட இடம் வேண்டும்



நெட்வொர்க் லேபில் கேபிளை கிரிம்ப் பண்ணக் கற்கிறோம். ஐ.பி. முகவரி கொடுக்கக் கற்கிறோம். ஆனால் சுவிட்சை எந்த இடத்தில் வைப்பது என்று எந்தப் பரீட்சையிலும் கேட்பதில்லை. நான் அதைக் கற்றது, இன்பிளான்ட் டிரெயினிங் போன ஓர் அலுவலகத்தில், திட்டு வாங்கித்தான்.

நடந்தது இதுதான்

அங்கே 24 போர்ட் சுவிட்ச், கேமரா ரெக்கார்டர், சின்ன யு.பி.எஸ். மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, திருட்டுப் பயத்தில் இரும்பு பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி மேனேஜரிடம். காலையில் நன்றாக ஓடும் நெட்வொர்க், மதியம் 2 மணிக்கு மேல் விட்டு விட்டுப் போனது. அதற்கு முந்தின நாள்தான் நான் எட்டு கேபிள் முனைகளை கிரிம்ப் செய்திருந்தேன். பழி என் தலையில் விழுந்தது. "தம்பி, இப்படி வேலை பார்த்தா சர்டிபிகேட்ல கையெழுத்து கிடையாது" என்று சொல்லிவிட்டார் மேனேஜர். கையெழுத்து இல்லாமல் ஊருக்குப் போய் அப்பாவிடம் என்ன சொல்வது? அன்று சாப்பாடு இறங்கவில்லை.

எட்டு முனைகளையும் வெட்டி மறுபடி கிரிம்ப் செய்தேன். டெஸ்டரில் எல்லா விளக்கும் வரிசையாக எரிந்தது. மதியம் மறுபடியும் போச்சு! அப்போதுதான் யோசித்தேன். என் கேபிள் கெட்டிருந்தால் அந்த எட்டு கம்ப்யூட்டர்தானே நிற்க வேண்டும்? எல்லாமே ஏன் நிற்கிறது? அதுவும் மதியம் மட்டும்? பீரோ கதவைத் தொட்டேன். சுட்டது.

அப்பா சின்ன வெங்காயத்துக்குப் பட்டறை போடும்போது அடியில் கல் வைத்து உயர்த்தி, நாலு பக்கமும் காற்று போக வழி விடுவார். "காத்து போகலேன்னா உள்ளயே வெந்து போயிடும்" என்பார். அது ஞாபகம் வந்தது.

"சார், ஒரே ஒரு நாள் கதவைத் திறந்து வைக்கலாமா?" என்று கேட்டேன். டேபிள் ஃபேனும் வைத்தோம். அன்று முழுக்க நெட்வொர்க் நிற்கவில்லை. மறுநாள் மூடினோம். இரண்டரை மணிக்குப் போனது. காரணம் புரிந்துவிட்டது.

ஏன் இப்படி?

கருவிகள் தமக்குள் செலவழிக்கும் மின்சாரம் அநேகமாக முழுவதும் வெப்பமாகிறது. மூடிய பீரோவுக்குள் 100 வாட் குண்டு பல்பு ஒன்று நாள் முழுக்க எரிவதாக நினைத்துப் பாருங்கள். சுவிட்சின் ஃபேன் வெளியே தள்ளிய சூட்டையே திரும்ப உள்ளே இழுக்கிறது.

நாம் கவனிக்க வேண்டியவை

1. காற்று: சில சுவிட்ச் பக்கவாட்டில் காற்று இழுக்கும், சில முன்னாலிருந்து பின்னால் தள்ளும். துளைகளைப் பார்த்து, அந்தப் பக்கம் இடம் விடுங்கள். பெரிய ராக்கில் காலி இடங்களைத் தகடு போட்டு மூடினால் சூடான காற்று முன்பக்கம் திரும்பாது. டேட்டா சென்டர்களில் கருவிக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் இருப்பது நல்லது என்கிறார்கள்.

2. ஏ.சி.: ராக்கின் நேர் மேலே வேண்டாம், தண்ணீர் சொட்டும். சாயங்காலம் ஏ.சி.யை நிறுத்தினாலும் சுவிட்ச் ராத்திரி முழுக்க ஓடும் என்பதை மறக்கக் கூடாது.

3. எடை: யு.பி.எஸ். அடியில் இருக்கட்டும். மேலே வைத்தால் ராக் சாயும். அதன் லெட் ஆசிட் பேட்டரிக்கும் சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

4. கை போக இடம்: தரையில் நிற்கும் ராக்குக்கு முன்னும் பின்னும் ஆள் நின்று வேலை செய்ய இடம் வேண்டும். பூட்டு அவசியம்தான், ஆனால் சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

5. கேபிள்: சுவிட்சிலிருந்து கம்ப்யூட்டர் வரை 100 மீட்டருக்குள் அடங்க வேண்டும். கூர்மையாக மடிக்காதீர்கள். கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். இரு முனையிலும் லேபிள் ஒட்டுங்கள்.

கடைசியில் சுவரில் 9யு ராக் ஒன்று மாட்டினோம். ஒரு யு என்பது 44.45 மில்லிமீட்டர், ஆக 9யு சுமார் 40 சென்டிமீட்டர். பூட்டும் உண்டு, காற்றுத் துளையும் உண்டு. சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டபோது மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் டீ வாங்கிக் கொடுத்தார்.

நண்பர்களே, நாளை நீங்கள் வேலைக்குப் போகும் இடத்தில் கோளாறு என்றால், கேபிளை வெட்டும் முன் கருவியைத் தொட்டுப் பாருங்கள்.