நாளைக்கும் தீவு இருக்கும்

நின்டெண்டோ ஸ்விட்சில் 2020 மார்ச்சில் வந்த ‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’ விளையாட்டு நிஜ நேரத்தில் ஓடும். நமக்கு இரவென்றால் விளையாட்டில் நாம் வாழும் தீவிலும் இரவு. கடையும் 10 மணிக்கு மூடிவிடும். தினம் அரை மணி நேரம் ஆடினால் போதும். கடிகாரத்தை முன்னே தள்ளி ஆடாதீர்கள், நாளை பூக்கும் செடிக்காகக் காத்திருப்பது அவ்வளவு சுகம்.

தினமும் ஒரு பாறை காசு கொட்டும். உங்கள் முதுகுப்பக்கம் இரண்டு குழி தோண்டிவிட்டு அடியுங்கள். பின்னால் தள்ளப்படாமல், வேகமாக 8 முறை அடித்துவிடலாம். தரையில் ஒளிரும் இடத்தில் 10,000 பெல் (தீவின் காசு) புதைத்தால், அதில் வளரும் மரம் 30,000 காய்க்கும்.

ஞாயிறு காலை வாங்கிய டர்னிப்பை அடுத்த ஞாயிறுக்கு முன்பே விற்றுவிடுங்கள், இல்லையென்றால் அழுகிவிடும். மரத்தை உலுக்கும்போது கையில் வலை இருக்கட்டும், குளவிக்கூடு விழலாம்.