வாகன ஏ.சி.யில் வாயுக் கசிவு: கழற்றிய இடத்தில் தேடுங்கள்

பழைய வான் ஒன்றை வாங்கி, ஆட்களை ஏற்றி இறக்கிச் சீவியம் நடத்துவோர் சிறு திருத்த வேலைகளைத் தாங்களே செய்துகொள்வர். அது நல்ல பழக்கமே. ஆனால் ஏ.சி. கொம்பிரசரைக் கழற்றி மாற்றிப் புதிதாக வாயு நிரப்பிய பின்பும் இரண்டு கிழமையில் குளிர் நின்றுவிட்டால், பலர் மீண்டும் வாயு நிரப்பவே ஓடுகின்றனர். இது வீண் செலவு. ஏ.சி. வாயு பெற்றோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றி வருவது. இவ்வளவு விரைவில் குறைந்தால் அது எங்கோ வெளியேறுகிறது. உறிஞ்சு குழாயில் காற்றுப் பிடித்தால் வோசரை மாற்றாமல் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பம்பை இயக்குவதில் பயனில்லை என்பது தோட்டக்காரருக்குத் தெரியாததல்ல.

முதலில் உங்கள் கை பட்ட பொருத்துகளைப் பாருங்கள். குழாய்ப் பொருத்துகளில் ஓ-றிங் எனப்படும் சிறிய றப்பர் வளையம் உண்டு. ஒருமுறை நசிந்த வளையத்தைத் திரும்பப் போட்டால் அது சரியாக அடைக்காது. தண்ணீர்க் குழாய்க்குரிய வளையமும் உதவாது. ஏ.சி.க்கென விற்கப்படும் வளையத்தை அளவு பார்த்து வாங்கி, கொம்பிரசர் எண்ணெய் தடவிப் பூட்டுங்கள். உலர்ந்த வளையம் முறுகி வெட்டுப்படும். அலுமினியக் குழாயை ஒரு ஸ்பனரால் பிடித்துக்கொண்டு மற்றதால் நட்டை இறுக்க வேண்டும். கசிகிறதே என்று மேலும் மேலும் முறுக்கினால் புரி போய்விடும். பிறகு குழாயையே மாற்ற வேண்டிவரும்.

கசியும் இடத்தில் வாயுவுடன் சிறிது எண்ணெயும் வெளிவருவதால் தூசி ஒட்டிக் கறுப்பாகத் தெரியும். அதைத் துடைத்து, எஞ்சினை நிறுத்திவிட்டுச் சவர்க்கார நுரையைப் பூசிக் குமிழி வருகிறதா என்று பொறுமையாகக் கவனியுங்கள். வாயு நிரப்பும் வால்வின் மூடி தொலைந்திருந்தால் அங்கும் பாருங்கள்.

வாயு உள்ளே இருக்கையில் எந்த நட்டையும் தளர்த்த வேண்டாம். இன்று பெரும்பாலான பழைய வான்களில் உள்ள ஆர்-134ஏ, சூனியத்துக்குக் கீழ் 26 பாகை செல்சியசிலேயே கொதிப்பது. திரவமாகக் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைக்குப் பின், ஓசோனைக் கெடுத்த ஆர்-12க்குப் பதிலாக இது வந்தது. ஓசோனுக்குத் தீங்கில்லை, ஆயினும் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவை விட ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது. ஆகவே காற்றில் திறந்துவிடாமல், இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்கும் கராஜில் கொடுங்கள்.

வளையம் மாற்றிய பின், வெற்றிடப் பம்பினால் அரை மணி நேரமாவது காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுத்து, பம்பை நிறுத்தி மானியின் முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். முள் ஏறினால் கசிவோ ஈரமோ இன்னும் உண்டு. இதைச் செய்யாமல் உடனே நிரப்பித் தரும் இடத்தில் காசைக் கொடுக்காதீர்கள். குழாய்கள் நாட்கணக்கில் திறந்து கிடந்திருந்தால், ஈரம் உறிஞ்சும் டிரையரையும் மாற்ற வேண்டும்.

அழுத்தம் கொடுத்துச் சோதிப்பதாயின் உலர்ந்த நைதரசனையே பயன்படுத்த வேண்டும். வெல்டிங் கடை ஒட்சிசனை ஒருபோதும் ஏற்ற விடாதீர்கள். உள்ளிருக்கும் எண்ணெயுடன் சேர்ந்தால் வெடிக்கும்.